ஏரி நீர் நமைச்சல்: காரணமும் காப்பும்

வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரிகள் நிரம்பிவிட்டால் கிராமத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சியே. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையின்மேல் அமைந்த கீழ்பென்னாத்தூரும், அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் ஏரியையும் கிணற்றையும் நம்பிப் பயிர் செய்பவை. ஏரியில் நீர் நின்றால் நெல் நடவு நடக்கும். கிணறுகளில் ஊற்றுப் பெருகும். மாடு கன்றுகளுக்குக் குடிநீர் கிடைக்கும். பிள்ளைகள் மதகின் அருகே குதித்து நீந்துவார்கள்.

ஆனால் இம்மகிழ்ச்சியோடு ஒரு சிறு தொல்லையும் சில ஊர்களில் கூடவே வருவதுண்டு. ஏரியில் குளித்துக் கரையேறிய சிறுவன் காலைச் சொறிகிறான். நடவு முடித்து வீடு திரும்பிய பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே ஊசி குத்துவது போன்ற உறுத்தல் தோன்றுகிறது. இரவில் நமைச்சல் மிகுந்து உறக்கம் கெடுகிறது. மறுநாள் காலையில் சிவந்த சிறு தடிப்புகளும், சில இடங்களில் நீர்க்கொப்புளங்களும் காணப்படுகின்றன. சொறியச் சொறியத் தோல் கிழிந்து புண்ணாகிச் சீழ் வைப்பதும் உண்டு. நடவுக் காலத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலிக் குடும்பத்துக்கு அது பெரிய இழப்பாகும்.

இதற்கு மக்கள் பலவாறு காரணம் சொல்லுகிறார்கள். உடற்சூடு என்பர் சிலர். வயலுக்கு இட்ட உரம் என்பர் சிலர். புதுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பர் வேறு சிலர். இவையெல்லாவற்றினும் கொடியது, "இன்னார் இறங்கியதால் நீர் கெட்டது" என்று ஒரு தெருவார் மற்றொரு தெருவார்மீது பழி சுமத்துவதாகும். நமைச்சல் ஒரு வாரத்தில் தீர்ந்துபோம். இப்பழிச்சொல் மூட்டிய பகை பல ஆண்டுகள் நின்றுவிடும். ஆகையால் இத்தொல்லையின் உண்மையான காரணத்தை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் தெளிவாக அறிந்திருப்பது அவசியம்.

மாடும் நத்தையும் நீரும்

இந்நமைச்சலுக்குக் காரணம் மனிதர் எவரும் அல்லர். கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஓர் இளம்புழுவே காரணம். அதன் தாய்ப்புழு மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் இரத்தக் குழாய்களில் வாழ்வது. அதனை இரத்தத் தட்டைப்புழு என்பர். அறிவியலார் இட்ட பெயர் சிஸ்டோசோமா. இவ்வினத்தில் சில, கால்நடைகளின் குடலைச் சார்ந்த இரத்தக் குழாய்களில் தங்கும். அவற்றின் முட்டைகள் சாணத்தோடு வெளிவரும். மற்றோர் இனம் மூக்கின் உட்புறத்து இரத்தக் குழாய்களில் தங்கும். அதன் முட்டைகள் மூக்குச்சளியோடு வெளிவரும். மாடு நீர் குடிக்கக் குனியும்போது அச்சளி ஏரியில் கலந்துவிடுகிறது.

நீரில் விழுந்த முட்டை பொரிந்து நுண்ணிய குஞ்சு வெளிப்படுகிறது. அக்குஞ்சு சில மணி நேரத்துக்குள் தனக்கு ஏற்ற நத்தையைக் கண்டுபிடித்து அதன் உடலுள் புகவேண்டும்; இல்லையேல் மடிந்துவிடும். நம் நாட்டில் இதற்கு இடம் கொடுப்பது பெரும்பாலும் இண்டோபிளானார்பிஸ் என்னும் நன்னீர் நத்தையாகும். ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல ஒரே தளத்தில் தட்டையாகச் சுருண்ட பழுப்பு நிற ஓடு அதன் அடையாளம். நன்கு வளர்ந்தது ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலம் இருக்கும். ஓடாத நீரிலும், பாசியும் களையும் மண்டிய கரையோரத்திலும், நீர் நிற்கும் நெல் வயலிலும் இது பெருகும். இலைகளின் அடிப்புறத்தில் கூழ்போன்ற உறையுள் முட்டையிடும். ஏரி வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடந்து, அடுத்த மழையில் மீண்டும் வெளிவரும் ஆற்றல் இதற்கு உண்டு.

நத்தையின் உடலுக்குள் அப்புழுக்குஞ்சு தனியே இருப்பதில்லை. சில வாரங்களில் ஒன்று பலவாகப் பெருகி, ஆயிரக்கணக்கான இளம்புழுக்கள் உண்டாகின்றன. இவற்றின் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வாலின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். பகல் வெளிச்சத்தில் இவை நத்தையை விட்டு நீரில் இறங்கி நீந்துகின்றன. ஓரிரு நாள்களே உயிர் வாழும் இவை, அதற்குள் ஒரு மாட்டின் தோலைத் துளைத்து உட்புகுந்தால் மீண்டும் தாய்ப்புழுவாக வளரும். இவ்வாறு மாட்டிலிருந்து நத்தைக்கும் நத்தையிலிருந்து மாட்டுக்கும் ஒரு சக்கரம் சுழன்றுகொண்டேயிருக்கிறது.

இச்சக்கரத்தில் மனிதனுக்கு இடமில்லை. ஆயினும் நீரில் நிற்கும் மனிதனின் காலையும் இளம்புழு மாட்டின் காலாகவே கருதித் துளைத்துவிடுகிறது. உட்புகுந்தபின் அதனால் அங்கே வாழ முடிவதில்லை, தோலிலேயே மடிந்துபோகிறது. மடிந்த அப்புழுவை எதிர்த்து நம் உடல் காட்டும் சினமே தடிப்பும் நமைச்சலும் ஆகும். முதன்முறை தீண்டும்போது சிலருக்கு ஒன்றும் தெரியாது. மீண்டும் மீண்டும் தீண்டப்பட்டவர்களுக்கே நமைச்சல் விரைவாகவும் கடுமையாகவும் வரும். ஒரே வயலில் இறங்கிய இருவருள் ஒருவருக்கு அரிப்பதும் மற்றவருக்கு அரிக்காததும் பெரும்பாலும் இதனாலேயே.

இந்நமைச்சல் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. நமைச்சல் கண்டவரைத் தொட்டாலும், அவருடன் ஒரே துறையில் குளித்தாலும், அவரிடமிருந்து எவருக்கும் அது வாராது. ஆகவே நீர் கெட்டதற்கு எந்தத் தெருவாரும் காரணமல்லர் என்பதைக் கிராம சபையில் ஊராட்சித் தலைவர் துணிந்து எடுத்துரைக்கலாம்.

ஆராய்ச்சி காட்டிய வழி

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்து ஏரியொன்றில் நீந்தியவர்களுக்கு உண்டான தடிப்புக்கு இத்தகைய இளம்புழுவே காரணம் என்று கார்ட் என்னும் அறிஞர் 1928-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்பக்கத்து ஏரிகளில் நீர்ப்பறவைகளின் உடலில் வாழும் இனங்களே பெரும்பாலும் இதற்குக் காரணமாகின்றன. மலாயாவில் நெல் வயலுக்குச் சாவா என்று பெயர். அங்கே நடவாட்களை வருத்திய சாவா நமைச்சலுக்குக் கால்நடைகளின் இரத்தப்புழுவே காரணம் என்று பக்லி என்பவர் 1938-இல் எழுதினார். நம் நாட்டிலும் அசாம் மாநிலத்து நெல் வயல்களில் உழைப்போருக்கு வந்த தடிப்பு இவ்வகையினதே என்று ஆராய்ச்சியாளர் 1994-இல் வெளியிட்டனர்.

தமிழகத்துக்கு இப்பொருளில் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. மாடுகளின் மூக்கில் வாழும் இரத்தப்புழுவைச் சென்னை மாகாணத்து மாடுகளில் ஆராய்ந்து, 1933-இல் அதனைத் தனி இனமாக விவரித்தவர் எம். ஏ. என். ராவ் என்னும் கால்நடை அறிஞர். இப்புழு மாட்டுக்கு உண்டாக்கும் நோயே நம் கிராமங்களில் குறட்டை நோய் எனப்படுவது.

குறட்டை விடும் மாடு தரும் எச்சரிக்கை

குறட்டை நோய் கண்ட மாட்டின் மூக்கில் சளி ஒழுகும். சில வேளைகளில் இரத்தமும் கலந்து வரும். மூக்கின் உட்புறத்தில் காலிப்பூவைப் போன்ற தசை வளர்ச்சி உண்டாகும். மூச்சுவிடும் பாதை குறுகுவதால் மாடு குறட்டைவிட்டு மூச்சு வாங்கும். உழவுக்கும் வண்டிக்கும் உதவாது போகும், கறவையும் குறையும். எருமைகளில் இவ்வறிகுறிகள் வெளிப்படையாகத் தெரிவதில்லை. ஆயினும் அவற்றின் சளியிலும் முட்டைகள் இருக்கக்கூடும். அதனால், "என் எருமைக்கு ஒன்றுமில்லை" என்று எண்ணி மருந்து கொடாது விடுதல் தவறாகும்.

விவசாயிகள் இதிலிருந்து ஓர் உண்மையை உணர வேண்டும். ஊரில் மாடுகள் குறட்டைவிடுவதும், நடவாட்களுக்குக் கால் அரிப்பதும் வெவ்வேறு தொல்லைகள் போலத் தோன்றினாலும், இரண்டும் ஒரே ஏரிக்கரையில் பிறந்தவையாக இருக்கலாம். மாட்டைக் காப்பாற்றினால் மனிதனின் தோலும் காப்பாற்றப்படும். இதற்காக மாடு வளர்ப்போரைக் குறைகூறுவதும் பொருந்தாது. மாடும் நம்மைப் போலவே, நம்மைக் காட்டிலும் அதிகமாக, இப்புழுவால் துன்புறுகிறது.

கடல் நீராடலில் வரும் நமைச்சல் வேறு

ஆடி அமாவாசைக்கும் மாசி மகத்துக்கும் கடலாடச் செல்வோர் இவ்வட்டாரத்திலும் உண்டு. செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக் கடற்கரைக்குச் சென்று வருவோரும் பலர். கடலில் குளித்துவிட்டு வருவோருக்கும் சில வேளைகளில் தடிப்பு உண்டாகலாம். அதனையும் ஏரி நமைச்சலையும் ஒன்றென்று கருதிவிடக் கூடாது.

கடலில் சொறிமுட்டை என்னும் குழைந்த உடலுடைய உயிரினம் உண்டு. ஜெல்லி மீன் என்பதும் இதுவே. அதன் உடலில் நச்சு முட்கள் அடங்கிய நுண்ணறைகள் இருக்கின்றன. பெரிய சொறிமுட்டை பட்டால் உடனே எரியும். அது எல்லோரும் அறிந்ததே. ஆனால் சிலவகைச் சொறிமுட்டைகளின் இளம்பருவத்துக் குஞ்சுகள் மிளகுப் பொடியைப் போல நுண்ணியவை. கடல் நீரில் கலந்திருப்பது தெரியாது. குளிப்பவரின் ஆடைக்குள் இவை சிக்கிக்கொண்டு, ஆடை உடலை அழுத்தும்போது கொட்டிவிடுகின்றன. அமெரிக்காவின் புளோரிடாக் கடற்கரையில் இத்தடிப்பு 1949-ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஏட்டில் விவரிக்கப்பட்டது. அங்கும் கரீபியக் கடலிலும் இதற்கு முதன்மையான காரணம் விரற்சிமிழ் வடிவச் சொறிமுட்டையின் குஞ்சுகளே என்று பின்னர் தெரியவந்தது.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஏரி நமைச்சல் பெரும்பாலும் ஆடை மூடாத இடங்களில், அதாவது நீரில் நனைந்த காலிலும் கையிலும் வரும். கடற்குஞ்சுகளால் வரும் தடிப்போ ஆடை மூடிய இடங்களில், இடுப்பிலும் மார்பிலும் அக்குளிலும் வரும். கடலில் குளித்தவர்கள் ஈர ஆடையுடனேயே நல்ல நீரை மேலே ஊற்றிக்கொள்வது வழக்கம். இது தவறு. நல்ல நீர் பட்டவுடன் ஆடைக்குள் சிக்கியுள்ள குஞ்சுகளின் நச்சு முட்கள் மேலும் வெடித்துக் கொட்டக்கூடும். மறைவிடத்தில் ஈர ஆடையைக் களைந்தபின் உடலை நல்ல நீரால் கழுவுவதே முறை. அவ்வாடையைச் சோப்பிட்டுச் சுடுநீரில் துவைக்காமல் மீண்டும் உடுத்தக் கூடாது. உலர்ந்த ஆடையிலும் நச்சறைகள் எஞ்சியிருந்து மறுபடி கொட்டுவதுண்டு.

நமைச்சல் கண்டால் செய்யவேண்டியவை

ஏரியிலோ வயலிலோ இறங்கி வந்தவர்கள், உடலில் நீர் தானே உலரும்வரை காத்திருத்தல் ஆகாது. கரையேறியவுடன் முரட்டுத் துண்டினால் கால் கைகளை அழுத்தித் துடைக்க வேண்டும். பின்னர்க் கிணற்று நீரிலோ குழாய் நீரிலோ கழுவலாம். தோலில் ஒட்டியுள்ள இளம்புழுக்கள் உட்புகுவதற்குள் அவற்றுள் பலவற்றை இதனால் அகற்றிவிடலாம்.

நமைச்சல் தொடங்கிவிட்டால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை அவ்விடத்தில் போட்டுவைக்கலாம். கலமைன் நீர்மத்தைத் தடவலாம். ஆப்பசோடாவைச் சிறிது நீரில் குழைத்துப் பூசுவதும் நமைச்சலைத் தணிக்கும். குழந்தைகளின் நகங்களை ஒட்ட வெட்டிவிட வேண்டும்; சொறியாதிருந்தால் புண் உண்டாகாது. பெரும்பாலும் ஒரு வாரத்தில், சிலருக்குச் சற்றுக் கூடுதலான நாள்களில், இது தானே மறையும். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, பூச்சிமருந்து முதலியவற்றைத் தோலில் தடவுவது பேதைமை. அவற்றால் தோல் வெந்துபோகும்.

காய்ச்சல் வந்தாலும், தடிப்பில் சீழ் வைத்தாலும், முகம் வீங்கினாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். மூச்சுத் திணறல் கண்டால் 108 ஊர்தியை அழைக்கத் தயங்கக் கூடாது.

எல்லா அரிப்பும் ஏரி நமைச்சல் ஆகிவிடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். விரலிடுக்குகளில் தோன்றி, இரவில் மிகுந்து, வீட்டில் உள்ளோர் எல்லோருக்கும் பரவுவது சிரங்கு. நீண்ட நேரம் சேற்றில் நின்றதால் கால் விரல்களின் நடுவே வெளுத்து வெடிப்பது சேற்றுப்புண். இவற்றுக்கு வேறு மருந்துகள் உண்டு. மருத்துவரே பிரித்தறிந்து கொடுக்க வேண்டும். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் மனிதனுடைய இரத்தத்திலேயே வாழும் வேறோர் இனப் புழு உண்டு. நம் வயல்களில் கால்நடைப் புழுவால் வரும் நமைச்சலை அக்கொடிய நோயென்று எண்ணி அஞ்சவேண்டியதில்லை.

ஊராட்சி செய்யக்கூடியவை

தனி ஒருவர் துண்டால் துடைத்துக்கொள்ளலாம். சக்கரத்தை நிறுத்துவது ஊர் கூடிச் செய்யவேண்டிய காரியம். அதற்குரிய வழிகள் பெரும் பொருட்செலவு உடையவை அல்ல.

முதலாவது, மனிதர் குளிக்கும் துறையையும் மாடுகள் இறங்கும் துறையையும் பிரித்தல். குளிக்கும் துறை, களை மண்டாததாகவும் மாட்டுத்துறைக்குத் தொலைவிலும் இருக்க வேண்டும். நீரில் மிதக்கும் இளம்புழுக்களைக் காற்று கரையோரம் ஒதுக்கிவிடும். ஆதலால் காற்று வந்து மோதும் கரையைத் தவிர்ப்பது நல்லது. அத்துறை ஊரார் அனைவருக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாவது, மாடுகளுக்கு ஏரியின் தேவையையே குறைத்தல். ஆழ்துளைக் கிணற்றின் அருகே சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி கட்டிவிட்டால், மாடுகள் அங்கேயே நீர் குடிக்கும். வாரம் ஒருமுறை தொட்டியை வடித்துத் தேய்த்துக் கழுவினால் நத்தை தங்காது. தொட்டி கட்டியபின் அதனைப் பராமரிப்பவர் யார் என்பதையும் தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். நீர் விடப்படாத தொட்டியால் எவருக்கும் பயனில்லை.

மூன்றாவது, கரையோரக் களையை அகற்றுதல். ஆகாயத்தாமரையையும் பாசியையும் வாரிக் கரைக்கு அப்பால் கொண்டுபோய் வெயிலில் நன்கு உலர்த்தினால், நத்தைகளும் அவற்றின் முட்டைகளும் அழியும். பிறகு அதனையே எருக்குழியில் இடலாம். இவ்வேலை செய்வோருக்கு முழங்கால்வரை ரப்பர்க் காலணியும் கையுறையும் கொடுக்க வேண்டும். கோடையில் ஏரி வற்றும்போது, அரசு விதிப்படி அனுமதி பெற்று வண்டல் எடுத்தால், சேற்றில் ஒளிந்திருக்கும் நத்தைகளுள் பலவும் ஒழியும். நிலத்துக்கும் உரம் சேரும்.

நான்காவது, கால்நடைகளுக்கு ஒரே சமயத்தில் சிகிச்சை அளித்தல். இரண்டு மாட்டுக்கு மருந்து கொடுத்து இருபது மாட்டை விட்டுவிட்டால் புழு ஒழியாது. கால்நடை உதவி மருத்துவரை அழைத்து, ஊரில் உள்ள மாடு, எருமை, ஆடு அனைத்தையும் பார்வையிடச் செய்ய வேண்டும். சளியையும் சாணத்தையும் சோதித்து, பிராசிகுவாண்டல் முதலிய மருந்துகளுள் எது, எவ்வளவு என்பதை அவரே முடிவு செய்வார். ஏரிக்கரையில் சாணம் கொட்டுவதை நிறுத்தி எருக்குழியில் இட்டு மக்கவைத்தால், அதில் எழும் வெப்பத்தால் முட்டைகள் அழியும்.

இரண்டு எச்சரிக்கைகளும் தேவை. மயில்துத்தத்தைக் கரைத்து ஏரியில் கொட்டினால் நத்தை சாகும் என்று கேள்வியுற்றுச் சிலர் அவ்வாறு செய்ய முற்படுவர். அதனால் மீனும் சாகும்; நீரும் கெடும். துறை அலுவலரின் ஆலோசனையின்றி ஏரியில் எந்த மருந்தையும் கலத்தல் கூடாது. வாத்துகளை வயலில் விட்டால் அவை நத்தையைத் தின்னும் என்பது உண்மையே. எனினும் நீர்ப்பறவைகளின் உடலில் வாழும் வேறு இரத்தப்புழுக்களும் இதே நமைச்சலை உண்டாக்குவதால், குளிக்கும் துறையில் வாத்துகளை விடாதிருப்பதே நல்லது.

பள்ளியிலிருந்து கிராம சபைக்கு

கண்ணால் கண்டதையே மக்கள் நம்புவார்கள். பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர், கையுறை அணிந்து ஏரிக்கரையில் சில தட்டை நத்தைகளை எடுத்து, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் இட்டு, சில மணி நேரம் வெளிச்சத்தில் வைக்கட்டும். நத்தையில் புழு இருக்குமானால், நுண்ணிய வெண்துகள்கள் நெளிந்து நீந்துவதைப் பூதக்கண்ணாடியால் காணலாம். நத்தையிலிருந்து வேறு இனப் புழுக்களும் வரக்கூடுமாகையால், அது எவ்வினம் என்பதைக் கால்நடை மருத்துவரே கூறவேண்டும். ஆனாலும் அக்குவளையை ஒருமுறை பார்த்தவர், நீர் கெட்டதற்கு அடுத்த தெருவாரைக் குறைசொல்ல மாட்டார்.

குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி முதலிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. மே நாளில் கூடும் சபையில் களை அகற்றுதலையும் வண்டல் எடுத்தலையும் முடிவு செய்தால், மழைக்கு முன் வேலை முடியும். சுதந்திர நாளில் தொட்டியின் நிலையையும் கால்நடை முகாமின் நாளையும் குறித்துக்கொள்ளலாம். காந்தி ஜயந்திக்குள் குளிக்கும் துறையும் மாட்டுத் துறையும் பிரிக்கப்பட்டுவிட்டால், ஐப்பசி மழையில் நிரம்பும் ஏரியில் பிள்ளைகள் அச்சமின்றி இறங்கலாம். நடவுக்குப் போகும் பெண்களும் ஒரு நாள் கூலியையேனும் இழக்காமல் வேலை செய்யலாம்.

ஏரி ஊரின் பொதுச் சொத்து. அதில் மாட்டுக்கும் பங்கு உண்டு. மனிதனுக்கும் பங்கு உண்டு. இருவருக்கும் உரிய இடத்தை வகுத்துக் கொடுப்பது ஊராட்சியின் கடமை. அக்கடமை நிறைவேறிய ஊரில் மாடு குறட்டை விடாது. மனிதர் கால் சொறியார். ஒருவர்மீது ஒருவர் பழி சொல்லவும் காரணம் இராது.